கார் கழற்றிக் கொடுத்த காற்று

பாத வெடிப்புகளில் உப்பு இறங்கி எரிய, உப்பளத்து வரப்பு வழியாகத் தூத்துக்குடியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். விளாத்திகுளத்துப் பஞ்சு மில்லில் எந்திரங்களுக்கு எண்ணெய் விடுகிற வேலை பார்த்து வந்தேன். யுத்தத்தில் பஞ்சு ஏற்றுமதி படுத்துப்போய் மில்லை மூடியதும், எஞ்சியிருந்த ஒரு வேட்டியோடு கிளம்பிவிட்டேன். அப்போது எனக்குப் பதினைந்து வயதிருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்தது, திரும்பிப் போக வீடு இல்லை. அதைப் பெரிய துக்கமாக நினைக்கத் தோன்றவில்லை, பசிதான் பெரிதாக இருந்தது.

கடற்கரைச் சாலையில் ஒரு மாடி வீட்டில் தண்ணீர் கேட்கப் போனபோது, மேலே ஒரு பெண் ஜன்னல் கண்ணாடியை நோக்கி உலக்கையை ஓங்கிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் கீழே இறங்கி வந்து, "ஏலே, உனக்கு இரும்பு வேலை தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அவள் பெயர் ரெஜினா. கட்டிலில் கிடந்த அவள் அப்பா ஒரு காலத்தில் தோணியை நடத்திய "தண்டல்", இப்போது "இளைப்பு" வந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அறைக்கு இருந்தது அந்த ஒரே ஜன்னல். முன்பு அங்கே குடியிருந்த வெள்ளைக்காரர் சீமையிலிருந்து வரவழைத்தது. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே பல்சக்கரம் திரும்பி, இரும்புச் சட்டத்தை வெளியே தள்ளும். துருப்பிடிக்கக் கூடாதென்று, தோணி மரத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயைச் சக்கரத்தில் ஊற்றச் சொல்லியிருக்கிறார் பெரியவர். அது உப்புக் காற்றில் பிசினாக இறுகிவிட்டது. பலங்கொண்டு திருகியபோது கைப்பிடி கழுத்தோடு ஒடிந்து, ஜன்னல் மூடியது மூடியபடி நின்றுவிட்டது.

"சுறா எண்ணெயில என்ன குத்தம்? என் தோணி அந்த எண்ணெயிலதான் இன்னைக்கும் கொழும்புக்குப் போயிட்டு வருது" என்றார் பெரியவர், மூச்சை இழுத்து இழுத்து.

"தோணிய யாருப்பா திருகித் தெறக்கா?" என்றாள் ரெஜினா அக்கா. பிறகு என்னிடம், "ஒடச்சா காத்து வரும், பின்னாலயே ஐப்பசி மழையும் வரும். கட்டில்ல கெடந்து நனைவாரு. இந்த யுத்தத்துல கண்ணாடிக்கு எங்கன போவேன்? பொழுது சாயறதுக்குள்ள கைப்பிடி வரலன்னா உலக்கைதான்" என்றாள்.

நான் எதையாவது கொண்டுவருவேனா, ஓடிப்போவேனா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலே முதலில் கஞ்சியும் கருவாடும் வைத்தாள்.

விளக்கிலிருந்த மண்ணெண்ணெயை வாங்கிப் பல்சக்கரத்தில் ஊறவிட்டு, ஒடிந்த கைப்பிடியை அளவுக்கு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். இரும்புக் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கப்பலே வரமாட்டேங்கு, கைப்பிடி எப்படிலே வரும்?" என்றார். வார்ப்பிரும்பு ஒட்டாது என்று கொல்லுப்பட்டறையில் கையை விரித்தார்கள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது.

ஒரு பலசரக்கு மண்டியின் பின்புறம் பெட்ரோல் இல்லாமல் செங்கல் அடுக்கின் மேல் நின்ற காரில் கோழிகள் அடைந்திருந்தன. திறந்திருந்த கதவில் கண்ணாடியை இறக்குகிற கைப்பிடியைக் கண்டதும் நான் தலையை உள்ளே நுழைத்துவிட்டேன்.

"யாருலே அது? கோழி திருட வந்தியா, கார் திருட வந்தியா?" மண்டி முதலாளிதான்.

"ஜன்னலுக்குக் கைப்பிடி வேணும், அண்ணாச்சி." தண்டலின் மூச்சையும் ரெஜினா அக்காவின் உலக்கையையும் சொன்னேன்.

அவர் கார்க் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டார். "அவரு தோணில வந்த என் சரக்கு ஒரு மூட்டைகூட நனைஞ்சதில்ல. கழத்திக்கோ" என்றார். "பெட்ரோல் வந்ததும் கைப்பிடி இங்கன இருக்கணும், சொல்லிட்டேன்."

கைப்பிடியைப் பிடித்திருந்த முளையை ஒரு ஆணியால் தட்டிவிட்டு, அதைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். அதன் துளை ஜன்னல் தண்டுக்குக் கொஞ்சம் பெரிது. தகரத்தை வெட்டி இடையில் செருகி இறுக்கியதும் பிடித்துக்கொண்டது. முதல் சுற்றில் அசையவில்லை. கட்டிலில் மூச்சு விசிலடிப்பது மட்டும் கேட்டது. மறுபடி திருகியபோது சட்டம் முனகிக்கொண்டு விரலளவு விலகியது. பிறகு ஒரு முழம்.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் காற்றைக் குடித்தார். பிறகு, "கொண்டல் காத்து வீசுது. மழை கிட்டத்துல இருக்கு. மூடிக் காட்டுலே" என்றார். மூடிக் காட்டினேன். "தெற" என்றார். திறந்தேன். ரெஜினா அக்கா உலக்கையைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள்.

அந்த வீடு இப்போது இல்லை. துறைமுகத்துக்கு லாரிகள் போவதற்காகச் சாலையை அகலப்படுத்தியபோது இடித்துவிட்டார்கள். அந்த மாதிரித் திருகு ஜன்னலை நான் சுற்றிய எந்த ஊரிலும் பிறகு பார்க்கவில்லை. யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்த பின்னும் அண்ணாச்சி கைப்பிடியைத் திருப்பிக் கேட்கவில்லை. பெரியவர் உயிரோடு இருந்த வரைக்கும், அண்ணாச்சி ஒரு பக்கக் கண்ணாடி இறங்காத காரிலேயே வேர்த்து வழியப் போய்வந்தார். அப்படிப்பட்டவர்கள் கையால் உண்டு வளர்ந்தேன் என்பதே எனக்குப் போதும்.

ஜன்னல் திறந்த மறுநாள் காலை, நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம் என்று மண்டிக்குப் போனேன். "நேத்து நீ கைப்பிடிக்கு வந்தே, நாளைக்கு ஒருத்தன் சக்கரத்துக்கு வருவான். எல்லாவனும் மூச்சு முட்டுதுன்னுதான் சொல்லுவான், எனக்கு இல்லைன்னு சொல்ல வராது. நீ சொல்லுவியா?" என்று கேட்டார் அண்ணாச்சி. சொல்லுவேன் என்றேன். கோழிகளை இறக்கிவிட்டு, காருக்குக் காவலாக உட்கார்ந்தேன்.