பாதிக் கரண்டிக் கோடு

என் மேசை இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் கரண்டி கிடக்கிறது. பால்மாவு டின்னோடு வருமே, அந்த மாதிரி. அதன் உள்பக்கம், நடுவுக்குச் சற்று மேலே, ஆணியால் கீறிய ஒரு கோடு. கீறியவர் என் அத்தை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் எரிச்சல்தான் வருகிறது.

கிள்ளானில் அத்தை எட்டு மாடுகள் வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்; கடைசி ஆண்டு ஆய்வுக்கு அவருடைய கொட்டகையைத்தான் கேட்டேன். வெந்தயம், முருங்கை இலை, தண்ணீர்விட்டான் கிழங்கு மூன்றையும் காயவைத்து அரைத்த பொடி. கழுத்தில் நீலக் கயிறு கட்டிய நான்கு மாடுகளுக்குத் தீவனத்தோடு ஒரு கரண்டி. மற்ற நான்குக்கும் கிடையாது. இரண்டு கூட்டத்தின் பாலையும் ஒப்பிட்டால் பொடி வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். அத்தை தலையாட்டினார். “சரிலா, படிச்சவன் சொல்றே.”

வாரத்துக்கு இரண்டு முறை பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறிப் போவேன். மற்ற நாள்களில் அத்தையே பொடி போட்டு, பாலை அளந்து, சுவர்க் காலண்டரில் எழுதி வைப்பார். டின்னில் பொடி நான் நினைத்தபடியே குறைந்தது. பாலும் கூடியது. ஆனால் எட்டு மாட்டுக்கும் ஒன்றாகக் கூடியது. பொடியைச் சந்தேகப்பட்டேன், அளவைச் சந்தேகப்பட்டேன், மாடுகளைக்கூடச் சந்தேகப்பட்டேன். அத்தையை மட்டும் சந்தேகப்படவில்லை.

கடைசி வாரம் ஒரு நாள் சொல்லாமல் போய் நின்றேன். கயிறு இல்லாத செவலையின் மூக்கெல்லாம் பச்சைப் பொடி.

“இதுக்கு யாரு அத்தை போட்டது?”

“நான்தான். ஒரே வரிசையில நிக்குதுங்க. நாலு திங்க, நாலு வாயப் பாத்துக்கிட்டு நிக்குமா? நீ குடுத்ததுக்கு மேல ஒரு துளி போடல. பாதி பாதியா பிரிச்சேன், அவ்ளோதான்.”

“என் ஆராய்ச்சியே போச்சு அத்தை!”

“ஏன் போவுது? எல்லாத்துக்கும்தான் பால் கூடிருக்கே. ஒங்க லெக்சரரை இங்க கூட்டிட்டு வா. அவர எதிர்ல உக்கார வெச்சிட்டு நாம ரெண்டு பேரும் சாப்புடுவோம். அப்பப் புரியும் அவருக்கு.”

பாலைக் கூட்டியது பொடியா, அந்த மாத மழையில் தழைத்த புல்லா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆய்வு தேறவில்லை, பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனது. அதற்குள் அப்பா சுங்கை பூலோவில் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் நான் பட்டம் வாங்கிவிட்டதாகவே சொல்லி முடித்திருந்தார். அந்த ஆறு மாதமும் நான் ஒரு கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. அத்தையைத் திட்டவும் முடியவில்லை. எதைச் சொல்லித் திட்டுவது?

இப்போது ரவாங்கில் ஒரு தீவன நிறுவனத்தில் வேலை. எந்தக் கொட்டகைக்குப் போனாலும் இரண்டு டின் எடுத்துப் போகிறேன். ஒன்றில் பொடி, இன்னொன்றில் அதே நிறத்தில் வெறும் தவிடு. எல்லா மாட்டுக்கும் ஒரு கரண்டி விழும், யாரும் பிரித்துக் கொடுக்க மாட்டார்கள். அத்தையிடம் சொன்னேன். “வாயில்லா ஜீவனப் போய் ஏமாத்துறியேடா” என்றார்.

எரிச்சலில் ஒரு நாள் அந்தக் கரண்டியைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அடியில் குறுகும் கரண்டி அது. நடுவில் கோடு போட்டால் பாதிக்குக் குறையும். கோடு வரை நிரப்பி நிறுத்தேன். மிகச் சரியாகப் பாதி. அந்த ஆய்வு முழுவதிலும் பிழையே இல்லாத அளவு அது ஒன்றுதான்.