என் மகள் மாற்றிக்கொண்ட படிப்பு

முதலில் தெரிந்தது செருப்பில்தான். மக்காச்சோளக் காட்டில் களை எடுத்துவிட்டு வரப்பில் கழற்றி வைத்திருந்த செருப்பை மாட்டப் போனேன். கால் நுழையவில்லை. வெயிலில் நின்ற வீக்கம் என்று வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எதையும் சொல்லக் கூச்சப்படுகிற ஆள் நான்.

ஒரு வாரத்தில் முகமும் வீங்கியது. சின்னசேலத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினார். இரண்டு சிறுநீரகமும் பெரும்பகுதி செயலிழந்துவிட்டதாக அங்கே சொன்னார்கள். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் விடுவது). ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம்.

அதற்காக இடது மணிக்கட்டில் சிறிய அறுவை செய்து பிஸ்டுலா வைத்தார்கள் (இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்து, ஊசி குத்த வசதியாகத் தடிக்க வைப்பது). அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே அதிர்வு தெரியும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, இறுக்கமாக எதுவும் போடக் கூடாது. இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பாடம் மனப்பாடமாக இருக்கும். எனக்கும் இருந்தது.

என் மகள் கலை செவிலியர். பி.எஸ்சி. நர்சிங் முடித்துப் பதிவு செய்து, வெள்ளிமலைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தற்காலிக வேலையில் இருந்தாள். சனிக்கிழமை மலை இறங்கி எங்கள் ஊர் நைனார்பாளையத்துக்கு வருவாள். எம்.எஸ்சி. படிக்கப்போவதாக அப்படி ஒரு சனிக்கிழமைதான் சொன்னாள்.

"இன்னும் படிப்பா? அதான் சிஸ்டர்னு கூப்புட்றாங்களே, அதுக்கு மேல இன்னா இருக்குது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உன் டிராக்டர் மக்கர் பண்ணா சைக்கிள் கடையில வுடுவியாப்பா? அதுக்குன்னு தெரிஞ்ச ஆளத்தான தேட்ற?"

அவர் சிரித்துவிட்டார். கலை எனக்குப் பொறுமையாக விளக்கினாள். ஒரு வருடம் வேலை பார்த்தவர்கள் எம்.எஸ்சி.க்குப் போகலாம், இரண்டு வருடப் படிப்பு. குழந்தைகள், மகப்பேறு, மனநலம், ஊர் சுகாதாரம், பெரியவர்களின் நோய் என்று பிரிவுகள் உண்டு. ஒரே துறையில் ஒரு வருட டிப்ளமோவும் இருக்கிறதாம். எதை எடுக்கிறோமோ பெரும்பாலும் அதுவே கடைசிவரை வேலை.

அவள் மகப்பேறு என்று முடிவு செய்திருந்தாள். மலைப் பாதை வளைவில், நிறுத்திய ஜீப்புக்குள் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் பார்த்திருக்கிறாள். குழந்தையைத் தன் துப்பட்டாவில்தான் வாங்கினாளாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த ஆடியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு நான் பால்குடம் எடுப்பதாக வீட்டுக்காரர் வேண்டிக்கொண்டிருந்தார். குடம் எடுப்பவர்களுக்கு முன்னதாகவே காப்பு கட்டுவார்கள் (திருவிழா முடியும்வரை மணிக்கட்டில் இருக்க வேண்டிய மஞ்சள் கயிறு). புதன்கிழமை வரிசையில் நின்றேன். திருவிழாவுக்கு லீவு போட்டு வந்திருந்த கலை பின்னால் தேங்காய்த் தட்டோடு நின்றாள். என் முறை வந்ததும் வலது கையை நீட்டினேன்.

"பொம்பளைங்களுக்கு எடது கையிம்மா" என்றார் பூசாரி. "இத்தினி வயசாச்சி, புதுசா கட்ற மாதிரி நிக்கிறியே."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "சீக்கிரம் நீட்டுக்கா, வெயிலு கொளுத்துது" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். எனக்கு ஆபரேஷன் கை என்று சொல்ல வேண்டியது மூன்று வார்த்தை. அத்தனை பேருக்கு நடுவில் அது வரவில்லை. இடது கையை நீட்டினேன்.

மறுநாள் குளித்தபோது கயிறு நனைந்து இறுகியது. மாலையில் கை லேசாக வீங்கியிருந்தது. கலை பார்த்துவிட்டு, "அவுத்துறலாமாப்பா?" என்றாள்.

"குடம் எடுக்கிற வரிக்கும் அவுக்கக் கூடாது. நீ நர்ஸு, பாத்துக்கினு இரு" என்றார் அவர்.

அவள் என் விரல் நுனியை அழுத்திப் பார்த்தாள். வெளுத்த இடம் உடனே சிவந்தது. "ரத்த ஓட்டம் நல்லாத்தான் இருக்குது" என்றாள். அவள் வேலை பார்த்த இடத்தில் கட்டுப் போட்ட கையை அப்படித்தான் பார்ப்பார்கள். மணிக்கட்டுக்கு மேலே கையை வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. தொட்டும் பார்த்தேன். அதிர்வு குறைந்த மாதிரி இருந்தது. பயத்தில் அப்படித் தோன்றுகிறது என்று கையை எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் பிரிவு சிஸ்டர் என் கையைத் தொட்டார். இன்னொரு முறை தொட்டார். காதில் மாட்டும் கருவியை வைத்துக் கேட்டார். பிறகு யாரையும் கேட்காமல் கயிற்றைக் கத்தரித்தார்.

பிஸ்டுலா அடைத்துவிட்டது. சேலத்துக்கு அனுப்பினார்கள். அங்கேயும் திறக்க முடியவில்லை.

"கயிறு மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். "மிஷின்ல இருந்து எறங்கினதும் உங்களுக்கு பிரஷர் குறையுது. அந்தக் கை மேல படுத்திருக்கலாம். எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம்."

"நேத்தே வந்திருந்தா?" என்று கேட்டாள் கலை.

"வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தியா இருந்திருக்கும்."

டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்டார்கள். குழாய் இருந்த மாதங்களில் குனிய முடியாது, தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது, காய்ச்சல் வந்தால் உடனே ஓட வேண்டும். வலது கையில் புதிதாக அறுவை செய்து, அங்கே ரத்தக் குழாய் தடிக்கக் காத்திருந்தோம். பால்குடத்தை எனக்குப் பதிலாக வீட்டுக்காரர் எடுத்தார்.

கலந்தாய்வுக்கு அவளும் அப்பாவும் சென்னை போய் வந்தார்கள். அவர்தான் வந்து சொன்னார். மகப்பேறு கிடைத்திருக்கும், ஆனால் அவள் கேட்கவில்லை. பெரியவர்களின் நோய்ப் பிரிவில் இடம் வாங்கியிருக்கிறாள், அதற்குள் சிறுநீரக நோயைத் தனிப்பாடமாக எடுக்கப் போகிறாள்.

என் வாழ்க்கையில் நானாகத் தொடங்கிய பேச்சுகள் குறைவு. அன்று தொடங்கினேன்.

"உனுக்கு புடிச்சது அது இல்லியேடி. எனக்கோசரம் மாத்திக்காத."

"உனக்கோசரம் இல்லம்மா." துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "உன் கைய ஒரு சாயங்காலம் பூரா புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தேன். நர்ஸு. உள்ள ஓடுதா நின்னுச்சான்னு எனுக்கு தெரில. இனிமே எந்தப் புள்ளைய கையில வாங்கினாலும் அதான் ஞாபகத்துக்கு வரும்."

"நான்தான்டி சொல்லல. எனுக்கு தெரிஞ்சிது."

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். நான் தொட்டுப் பார்த்ததை அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"சீட்டு வாங்கியாச்சும்மா" என்றாள்.

அவள் படிக்கப் போய் ஆறு மாதம் ஆகிறது. நோயில் இருக்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். யார் சிரித்தாலும் கையை இழுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் உங்கள் நோயை எப்படி அதன் வழியில் வராமல் வைத்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது எழுதலாம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள். "மிஷின்ல கடைசி ஒரு மணி நேரம் உனுக்கு இன்னா பண்ணுதும்மா? ஒண்ணுமில்லன்னு சொல்லாத. கிளாஸ்ல பேச சொல்றாங்க, உன் கூட இருந்துட்டு எனுக்கு ஒண்ணும் சொல்ல தெரில."

சொன்னேன். கெண்டைக்கால் முறுக்கிக்கொள்வது, காது அடைப்பது, சிஸ்டரைக் கூப்பிட நினைத்தும் வாய் வராமல் கிடப்பது, இன்றைக்கே முடிந்துபோனாலும் சரி என்று சில நாள் தோன்றுவது. கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"எழுதிக்கினு இருக்கேன், சொல்லு" என்றாள்.

முன்பெல்லாம் விதைப்பு, அறுப்பு என்று என் காலம் நீளமாகக் கிடந்தது. இப்போது எனக்குக் கிடைப்பது செவ்வாயிலிருந்து வெள்ளி, வெள்ளியிலிருந்து செவ்வாய். அவள் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருடம். அந்தத் துண்டுகளை அதுவரை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். அவள் கற்றுக்கொண்டு வரும்போது நான் இல்லாமல் போனால், அவள் படிப்பு மலையில் அவள் பிரசவம் பார்த்திருக்கக்கூடிய பெண்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை என்று ஆகிவிடும். அது என் கையில் இல்லை.

இன்று வெள்ளி. முடிய முப்பத்தைந்து நிமிடம் இருக்கும்போது இடது கெண்டைக்கால் இழுத்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்ல வேண்டும்.