கெட்டிமேளம் யார் வீட்டுச் சொத்து

எனக்குப் பேய் பயம் கிடையாது. மைக் செட்டைக் கண்டால்தான் பயம். கல்யாணம் காட்சிகளை இணையத்தில் நேரலையாகக் காட்டுவது என் பிழைப்பு. மண்டபத்தில் யாராவது ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டால் போதும், பாட்டுக் கம்பெனிகளுக்காகக் காவல் காக்கும் இயந்திரம் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து என் படத்தை நிறுத்திவிடும். நெய்க்காரப்பட்டியில் ஒரு காதுகுத்தில் அப்படித்தான் நின்றது. தாய்மாமன் மடியில் குழந்தை வாயைத் திறந்தது வரைக்கும் தெரிந்ததாம். "ஏனுங்க தம்பி, உங்க பொட்டி அந்த நேரம் பாத்துக் கண்ண மூடிக்கிச்சுங்களா?" என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். அதுதான் இன்னும் சுட்டது.

அதனால் வடமதுரைக் கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டதிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண்ணின் அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். லீவு கிடைக்கவில்லை. அவர் இருக்கும் நாட்டில், போனில் முகம் பார்த்துப் பேசும் வழியையும் அடைத்து வைத்திருக்கிறார்கள். சாதாரணப் போனில்தான் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வாசல் தோரணம், பந்தி எதையும் காட்ட வேணாம். எம்பிள்ளைக்குத் தாலி ஏறுறத மட்டும் நான் பாத்துரணும். அம்புட்டுதான்."

"பாத்துருவீங்கய்யா" என்றேன்.

கல்யாணத்தன்று முதல் வேலையாக மைக் செட் அண்ணனிடம் போய் நின்றேன். நாகல் நகரில் கடை வைத்திருப்பவர். அவருடைய பென் டிரைவில் இல்லாத பாட்டே கிடையாது. எல்லாம் ஏதேதோ தளத்திலிருந்து சும்மா இறக்கியது.

"அண்ணே, சினிமாப் பாட்டு ஒண்ணுகூட வேணாம். உங்க கால்ல வேணாலும் விழுறேன்."

"ஏப்பா இப்படி நடுங்குற? வெறும் நாதஸ்வரம்தான் போடப் போறேன். கெட்டிமேளம் என்ன யார் வீட்டுச் சொத்தா?"

அந்த வீட்டில் மேளக்காரர்களுக்குச் சொல்லவில்லை. மேளம், நாதஸ்வரம் எல்லாம் அந்தப் பென் டிரைவிலிருந்துதான். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. கெட்டிமேளத்துக்குப் போய் யார் உரிமை கொண்டாடுவார்கள்?

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். என் லேப்டாப் திரையின் ஓரத்தில் மஞ்சளாக ஓர் எச்சரிக்கை வந்தது. அடுத்தவருடைய ஒலிப்பதிவு கேட்கிறது, நீக்காவிட்டால் நேரலை நிற்கும். எந்த ஊர் வித்வானோ வாசித்து, எந்தக் கம்பெனியோ பதிவு செய்து வைத்த நாதஸ்வரம் அது. கெட்டிமேளம் ஊருக்கே பொது என்று நினைத்தோமே தவிர, ஊதியவர் என்று ஒருவர் இருப்பாரே என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

உடனே என் நேரலையில் ஒலியை அடைத்தேன். மஞ்சள் எழுத்து போகவில்லை. பயத்தில் புத்தி வேலை செய்யுமா? மைக் செட்டைப் பார்த்து, "அண்ணே, நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

"கெட்டிமேளத்தையா? தாலி ஏறுற நேரத்துலயா? வாயில அடி!" என்று அவர் சத்தத்தை இன்னும் கூட்டினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தும்மலோ அழுகையோ வேண்டாத பேச்சோ அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளமே கொட்டுகிறார்கள். என் கத்தலும் அதில் அமுங்கிப்போனது. திரை கறுத்துவிட்டது.

பாட்டைத் திருடுவது தப்புதான். அந்த நாதஸ்வரக்காரர் வயிற்றில்தான் அடிக்கிறோம், ஒப்புக்கொள்கிறேன். மண்டப வாடகையோடும் கரண்ட் செலவோடும் பாட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்துக் கேட்டால் கல்யாண வீட்டார் மூச்சுக் காட்டாமல் கொடுப்பார்கள். கம்பெனிக்காரர்கள் படத்தை ஓடவிட்டு, பிறகு என்னிடம் வந்து கேட்கட்டும், நானே கொடுக்கிறேன். பாட்டை இறக்கித் தரும் தளங்கள் பெயரை மாற்றி மாற்றி ஜோராக நடக்கின்றன. அவற்றைப் பிடிப்பதை விட்டுவிட்டு, தாலி கட்டும் நேரத்தில் ஒரு தகப்பனின் கண்ணைக் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நேரத்தில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. யாரென்று தெரியும். எடுக்கப் பயந்துகொண்டே எடுத்தேன்.

"தம்பி, மாப்பிள்ளை தாலிய எடுத்தாரு. அதோட நின்னுருச்சு. கட்டியாச்சா?"

"கட்டியாச்சுங்கய்யா. கேமராவுல பதிவாகியிருக்கு, அனுப்பிவிடுறேன்."

"அது நடந்து முடிஞ்சதுல்ல தம்பி. பிள்ள அழுகுதா?"

மேடையைப் பார்த்தேன். அட்சதை போட்ட கூட்டத்துக்கு நடுவே அவள் கழுத்தை நீட்டி என் கேமராவைத் தேடினாள். அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பில், மாலையை விலக்கித் தாலியை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"அழுகலைங்கய்யா" என்றேன். "உங்களுக்குத் தாலியக் காட்டுது."