விட்டேன் என்றால் செல்லாது

ஜனவரி இருபத்தொன்று வந்தால் பிரான்சில் எங்கள் சோமூர் ஊரில் கன்றுத்தலைக்குத் திண்டாட்டம்தான். புரட்சியில் ராஜா பதினாறாம் லூயியின் தலையை வெட்டிய நாள் அது. என்னைப் போன்ற குடியரசுக்காரர்கள் அன்று கன்றுத்தலையை வேகவைத்துச் சாப்பிட்டுக் கொண்டாடுவோம். ஆனால் ஊரிலேயே நல்ல கறிக்கடை ஆன்செல்முடையது. அவனோ அசல் ராஜபக்தன். அன்று கடையைச் சாத்திவிட்டு, கறுப்பு டை கட்டிக்கொண்டு, செத்துப்போன ராஜாவுக்காகச் சர்ச்சுப் பூசைக்குப் போய்விடுவான்.

"யோவ், முந்தின நாளாவது ஒண்ணு எடுத்து வைக்கக் கூடாதா?" என்று கேட்டால், "ராஜாவைக் கொன்ன கைக்கு நான் கோழித்தலைகூடத் தரமாட்டேன்" என்பான். நான் கொன்றேனாம்! நான் முடிவெட்டுகிறவன். வந்த தலையைக் கழுத்தோடு திருப்பி அனுப்புகிறவன்.

அவனுடைய ராஜா கதை இதுதான். பதினான்காம் லூயியின் பேரன் ஒருவர் ஸ்பெயினுக்கு ராஜாவாகப் போனார். அதனால் மூண்ட சண்டையை முடிக்க, பிரான்சின் பட்டம் எனக்கும் வேண்டாம், என் சந்ததிக்கும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அது செல்லும் என்கிறவர்கள் இளைய கிளையான ஓர்லியான் வம்சத்தைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆன்செல்ம் செல்லாது கட்சி; அந்த ஸ்பெயின் கிளையின் இன்றைய வாரிசுதான் அவனுக்கு ராஜா.

"பட்டம் என்ன அவர் அப்பன் வீட்டுச் சொத்தா, வேணாம்னு தூக்கிக் கொடுக்க? மூத்த கிளையில பொறந்துட்டார், முடிஞ்சுது. அவரே விட்டாலும் அது அவரை விடாது" என்று சொல்லிக் கத்தியைக் கட்டையில் இறக்குவான். சிம்மாசனமே இல்லாத நாட்டில் இவனுக்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

சனிக்கிழமைச் சந்தையில் அவனுக்குப் பக்கத்துக் கடை ஒதீலுடையது. ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி விற்பாள். கணவனை இழந்தவள் என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அவள் ஓர்லியான் கட்சி, அப்பா ஊட்டி வளர்த்த பக்தி.

"உங்க ஓர்லியான் ராஜாவோட பாட்டன், சொந்தக்கார ராஜாவையே கொல்லச் சொல்லி ஓட்டுப் போட்டவர், மதாம்."

"உங்க ஆளோட பாட்டன் கையெழுத்துப் போட்டாரே, முசியே, அது என்ன காக்கா கிறுக்கலா?"

பெண்ணுக்கும் பெண்வழிப் பிள்ளைக்கும் பட்டம் கிடையாது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் சண்டையே இல்லை. "இதுல மட்டும் ஆம்பளைங்க எல்லாம் ஒரே கூட்டு" என்று ஒதீல் நொடிப்பாள். ஆனாலும் சந்தை முடிந்ததும் அவன் எடுத்து வைத்த நல்ல தொடைக்கறி அவள் கூடையில் இருக்கும். நன்றாக முதிர்ந்த பாலாடைக்கட்டி அவன் பெட்டியில் இருக்கும். எனக்குக் கண் இல்லையா என்ன?

ஒருநாள் ஆன்செல்ம் என் நாற்காலியில் உட்கார்ந்து, "கொஞ்சம் நல்லா வெட்டி விடுப்பா" என்றான். முகமெல்லாம் சிவந்திருந்தது. "கேட்டுடப் போறேன். நீயும் கூட வா. தனியாப் போனா மறுபடியும் சண்டை போட்டுட்டு வந்துருவேன்."

சந்தை கலையும் நேரத்தில் போனோம். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னைக் கட்டிக்கொள்வாளா என்று கேட்டே விட்டான். ஒதீல் கட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமைச் சாப்பாட்டுல எங்கப்பாவோட ராஜாவைத் திட்டுவீங்களே. உங்க ஸ்பெயின்காரரை விட்டுருவீங்களா?" என்றாள்.

ஆன்செல்ம் தொப்பியை இரண்டு கையாலும் கசக்கினான். அந்த ராஜாவை எடுத்துவிட்டால் அவனிடம் கறிக்கடை மட்டும்தான் மிச்சம். எனக்கே பாவமாக இருந்தது.

"விட்டுட்டேன், மதாம்" என்றான். "இவன் சாட்சி."

"செல்லாதே, முசியே."

"என்னது?"

"விட்டேன்னு சொன்னா செல்லாதுன்னு இந்தச் சந்தையில இத்தனை வருஷமாக் கத்துனது யாரு?"

தன் சட்டத்திலேயே தான் மாட்டிக்கொண்ட மனிதனை அன்றுதான் பார்த்தேன். எல்லாம் போச்சு என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பினான்.

"நில்லுங்க" என்றாள் ஒதீல். "என் புருஷன் சாகறதுக்கு ரொம்ப முன்னாடியே, உன்னை விட்டுட்டேன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு மார்செய் பட்டணத்துக்குப் போயிட்டான். அது செல்லுபடியாச்சு. எங்கம்மாகூட, சரி விடுன்னு சொல்லிட்டா. ஒருத்தர்கூட அது செல்லாதுன்னு சொல்லலை, முசியே."

ஆன்செல்ம் தொப்பியை மறுபடி கழற்றினான்.

"ஸ்பெயின்காரரை வச்சுக்குங்க" என்றாள் அவள். "எனக்காக அவரை விட்டா, நாளைக்கு எதுக்காகவாவது என்னையும் விட்டுருவீங்க."