வியாழக்கிழமை மௌனம்

என் மனைவிக்குப் பேச்சு திரும்பி வர வேண்டும் என்று மூன்று ஆண்டுகள் தினமும் கும்பிட்டேன். அதே மூன்று ஆண்டுகளும், அவளுக்குப் பேச்சு வந்துவிடுமோ என்று பயந்துகொண்டும் இருந்தேன். கும்பிட்டவனும் பயந்தவனும் நான்தான். இன்பம் துன்பம், நான் நீ என்ற இருமையைக் கடப்பது எப்படி என்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மேல்மாடியில் ஞாயிறுதோறும் பத்துப் பதினைந்து பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றேன். அந்த ஆண்டே வியாழக்கிழமை மௌன விரதத்தைத் தொடங்கினேன். காலையில் விளக்கேற்றியது முதல் மாலை ஏழு மணிக்கு மறுபடி விளக்கேற்றும் வரை ஒரு சொல் பேசமாட்டேன். அவசியமானதைச் சிறிய வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவேன். ‘சர்க்கரை குறைவு.’ ‘கேஸ் தோங் காலி.’ எழுதிவிட்டு, என் மௌனம் எத்தனை ஆழமானது என்று எனக்குள்ளேயே மெச்சிக்கொள்வேன்.

என் மனைவி கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள். அதிகம் படிக்கவில்லை. ஆனால் யாரைப் பார்த்தாலும் அப்படியே நடித்துக் காட்டிவிடுவாள். தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி குடையை ஊன்றி நடந்ததை அவள் செய்து காட்டினால், அவரைப் பார்த்திராத எனக்கே அவரைத் தெரிந்துவிடும். வியாழக்கிழமைகளில் என்னைச் சிரிக்க வைப்பதுதான் அவளுக்கு வேலை. நான் கூடத்தில் சமையலறை வாசலை ஒட்டிப் பாயில் உட்கார்ந்திருக்கும்போது எதிரே வந்து நிற்பாள். வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டு, ஒரு கையைத் தொங்கப்போட்டு, பேய் பிடித்தவள் மாதிரி ஆடுவாள்.

“சாமியாரே, சிரிச்சிட்டா விரதம் போச்சு லா.”

நான் பலகையை எடுத்து ‘போ’ என்று எழுதுவேன்.

“போவாம். இத எழுதித்தான் சொல்லணுமா? வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா?”

இரண்டு முறை சிரித்திருக்கிறேன். இரண்டு முறையும் பிறகு அவள்மேல் கோபம் வந்தது.

அந்த வியாழக்கிழமை மாலை நாலரை மணி. சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது. அவள் டீ கிளாஸோடு வந்து நின்றாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை தொங்கியது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. நான் நன்றாகவே பார்த்தேன். ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். இந்த முறை தோற்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கிளாஸ் உடையும் சத்தம் கேட்டது. என்னைக் கண் திறக்க வைப்பதற்காக வேண்டுமென்றே போட்டாள் என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அன்று என் மனம் அடங்கியது. முப்பது ஆண்டுகளாக நான் படித்தும் பேசியும் எட்டாத இடம் அது. உடம்பு இருப்பது தெரியவில்லை. நான் என்பதும் இல்லை, எனக்கு வெளியே ஒன்று என்பதும் இல்லை. பொய்யாக இருந்தால் நல்லது என்று பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். பொய் இல்லை. அத்தனை நிம்மதியை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை. ஏழு மணிக்குக் கைப்பேசியில் அலாரம் ஒலித்தபோது கண் திறந்தேன். சமையலறை வாசலில் அவள் கிடந்தாள். கொட்டிய டீ காய்ந்து எறும்பு மொய்த்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழே முக்கால். இளவயது டாக்டர், தமிழ்ப் பெண்.

“அங்கிள், எப்ப ஆரம்பிச்சுது? நல்லா யோசிச்சு சொல்லுங்க. நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா ஒரு மருந்து இருக்கு. நேரம் தெரியாம போட்டா மூளையில ரத்தம் கசியலாம், டேஞ்சர்.”

நாலரையிலிருந்து ஏழே முக்கால், மூன்றே கால் மணி நேரம். என் தொழிலில் இதற்கு விரல் மடக்க வேண்டியதில்லை. ஆனால் நேரத்தைச் சொன்னால், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

“தெரியல டாக்டர். நான் சாமி ரூம்ல இருந்தேன். வந்து பாத்தா விழுந்து கெடந்தா. மத்தியானம் சாப்புடும்போது நல்லாதான் இருந்தா.”

ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து அவர் மறுபடியும் கேட்டார்.

“வேற ஏதாச்சும் ஞாபகம் வருதா அங்கிள்?”

இல்லை என்று தலையை மட்டும் அசைத்தேன். விரதம் முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மருந்து கொடுத்திருந்தால் அவள் இன்று நடப்பாள், பேசுவாள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இத்தனை நாளும் அந்தச் சந்தேகத்தின் நிழலில்தான் ஒதுங்கியிருந்தேன்.

அவளுடைய வலப்பக்கம் விழுந்துவிட்டது. நாம் சொல்வதெல்லாம் புரியும். வாயிலிருந்து ‘வா’ என்ற ஒரு சொல் மட்டும் வரும். குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தலை பின்னி எல்லாம் நானே செய்கிறேன். இடக்கை தானாக வளைந்து கொடுக்கும், வலக்கையை நான்தான் தூக்கிச் சட்டைக்குள் நுழைக்க வேண்டும். எங்கள் ஒரே மகள் சுபாங்கில் இருக்கிறாள். வார இறுதியில் வருவாள். “எங்கப்பா மாதிரி யாரு பாத்துக்குவா?” என்று உறவுக்காரர்களிடம் என் காதுபடவே சொல்வாள். ஞாயிறு வகுப்புக்காரர்கள் ஒருநாள் பழங்களோடு வந்தார்கள். “நாங்க கேட்டத நீங்க வாழ்ந்து காட்டுறீங்க சார்” என்றார் ஒருவர். நான் மறுக்கவில்லை. அடக்கமாகச் சிரித்தேன்.

ஆட்கள் வந்தால் என் மனைவி ஒன்று செய்வாள். முதுகை நிமிர்த்துவாள், இடக்கையை மடியில் மலர்த்தி வைப்பாள், கண்ணை மூடிக்கொள்வாள். அது நான் தியானத்தில் இருக்கும் கோலம். எல்லாரும் சிரிப்பார்கள்.

“ஆன்டி இன்னும் அங்கிள கிண்டல் பண்றத விடல பாருங்க.”

பிறகு அவள் கண் திறந்து சுவர்க் கடிகாரத்தைக் காட்டுவாள். மறுபடி மறுபடி காட்டுவாள்.

“அம்மாவுக்கு டீ நேரம் வந்துருச்சு பா” என்று மகள் எழுந்து போவாள்.

நானும் மற்றவர்களோடு சிரித்தேன். அவள் என்ன சொல்கிறாள் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். அவளுக்கு வாய் இல்லாததுதான் எனக்குப் பாதுகாப்பு. அந்தத் தைரியத்தில், அவள் காட்டுவது எனக்கும் புரியாததுபோல் இருந்தேன்.

இந்த ஆண்டு மகள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பேச்சுப் பயிற்சி நிலையத்தைக் கண்டுபிடித்தாள். சனிக்கிழமைதோறும் அவளே காரில் கூட்டிப் போவாள். பயிற்சி தரும் பெண் படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். சில வாரங்களில் ‘டீ’ வந்தது, ‘வெளக்கு’ வந்தது. மகள் ஒவ்வொரு சொல்லுக்கும் அழுதாள். நான் அடுத்த அட்டையில் என்ன படம் என்று எட்டிப் பார்த்தேன்.

போன மாதம் கடிகாரப் படம் வந்தது.

“இதுல மணி என்னா ஆன்டி?”

என் மனைவி அட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“நா… நாலு.”

“இது பத்து ஆன்டி. பரவால்ல, நம்பர் வந்துச்சு பாருங்க. குட்.”

“நாலு” என்றாள் மறுபடியும்.

வீடு திரும்பும்போது பெடரல் நெடுஞ்சாலையில் கார்கள் நகரவில்லை. நான் மகளுக்குப் பக்கத்தில் இருந்தேன், மனைவி பின்னால். இன்னும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ, அவளே முழுதாகச் சொல்லிவிடுவாள் என்ற பயம்தான் என்னைப் பேச வைத்தது. மனசாட்சி என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மை இல்லை.

“அம்மா தப்பா சொல்லல” என்றேன்.

“என்னா பா?”

“நாலு. அம்மாவுக்கு நாலரைக்கு வந்துச்சு. என் கண்ணு முன்னாடி. எப்பவும்போல வெளையாடுறான்னு நெனச்சு கண்ண மூடிக்கிட்டேன்.”

மகள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் இருந்த லோரி கொஞ்சம் நகர்ந்தது, அவளும் நகர்த்தினாள்.

“வெளையாட்டுன்னு நெனச்சீங்க. சரி. டாக்டர் கேட்டாங்களே, அப்ப?”

“சொல்லல.”

“ஏன்?”

“வெக்கமா இருந்துச்சு.”

அவள் சொன்னாள், “மூணு வருஷமா அம்மா மணிய காட்டிக்கிட்டு இருந்தாங்க. நான் டீ ஊத்திக் குடுத்தேன்.”

நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். என் மனைவி முதுகை நிமிர்த்தி, இடக்கையை மடியில் மலர்த்தி, கண்ணை மூடியிருந்தாள். களைத்துத் தூங்கினாளா, என்னை நடித்துக் காட்டினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் கடிகாரத்தைக் காட்டுவதில்லை. நான் மௌன விரதத்தை அவள் விழுந்த அன்றே விட்டுவிட்டேன், இப்போது தியானத்தையும் விட்டுவிட்டேன். அன்று நான் போன இடம் மெய்தான் என்று இன்னமும் நம்புகிறேன். அங்கே துன்பம் இல்லை. அத்தனையும் இரண்டடி தள்ளி, சமையலறை வாசலில் கிடந்தது.

மகள் சனிக்கிழமை வருகிறாள், அம்மாவை மட்டும் கூட்டிப் போகிறாள். மற்ற நாள்களில் மாலையில் வீடியோவில் அழைக்கிறாள். அம்மாவால் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பேச முடியாது. அதனால் நான் அதை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு திரைக்கு வெளியே நிற்கிறேன். வாய் திறப்பதில்லை. கை வலித்து மாற்றிப் பிடிக்கும்போது என் விரல்கள் ஒரு கணம் திரையில் தெரியும். அந்த ஒரு கணம் மகள் பேச்சை நிறுத்துகிறாள்.