மூன்றாவது குரல்

1997 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. காலை வண்டி ஆம்பூருக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்ததே பெரிய பாக்கியம். என் மனைவி ஸ்டெல்லா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் குரலைக் கேட்கத்தான் பெங்களூர் போகிறேன். கல்யாண ஃபோட்டோ இருக்கிறது, புடவைகள் இருக்கின்றன, குரல் மட்டும் வீட்டில் எதிலும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு சர்ச் பாட்டுக் குழுவில் அவளோடு பாடிய பிளாரன்ஸ் அக்காவிடம் ஒரு கேசட் இருப்பதாகத் தெரிந்ததும் கிளம்பிவிட்டேன்.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினேன். காக்ஸ் டவுன் மூன்று கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் முப்பது ரூபாய் கேட்டார்.

"ஏங்க, சீட்டுக்கு வெள்ளி பூசியிருக்கீங்களா?"

"ஆயித்து, சரி சார், இருபது குடுங்க. குந்துங்க."

அக்கா காபி கொடுத்துவிட்டு டேப் ரெக்கார்டரை மேசையில் வைத்தார்.

"பிரதர், கிறிஸ்துமஸுக்குத் தனியா பாட ஒருத்தியைத்தான் எடுப்பாங்க. அதுக்கு வச்ச டெஸ்ட் இது. போட்டி போட்ட மூணு பேருக்கும் ஒரே பாட்டு. யாருன்னு பாட்டு மாஸ்டருக்குத் தெரியக்கூடாதுன்னு பேரைச் சொல்லாம பதிவு பண்ணுவோம். ஸ்டெல்லா யாருன்னு நீங்களே சொல்லுங்க பாக்கலாம்."

பாட்டு இத்தாலிய மொழி. இசை நாடகத்தில் ஒருத்தி தனியாக நின்று பாடுவது, ஏரியா என்பார்கள். சொல் ஒன்றும் புரியாது, மெட்டு எனக்கு மனப்பாடம். ஸ்டெல்லா சமைக்கும்போது முணுமுணுப்பது இதைத்தான்.

முதல் குரல் மெல்லியது. உச்சத்தை நேராகத் தொடாமல் கீழிருந்து வழுக்கி ஏறியது. இரண்டாவது, நீண்ட அடியின் நடுவே மூச்சு வாங்கிவிட்டு, அதை மறைக்க அடுத்த சொல்லை இடித்துப் பாடியது. மூன்றாவது அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. அதே அடி, ஒரே மூச்சு. உச்சத்தில் நின்று அதிர்ந்துவிட்டுத்தான் இறங்கியது. ஸ்பீக்கரே கரகரத்தது.

"முதல் குரல்," என்றேன். இதில் என்ன சந்தேகம்? எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பொதுச்சுவர். அவள் வாய்க்குள்ளேயேதான் பாடுவாள். "மைக் வேணுமா?" என்று கிண்டல்கூடச் செய்வேன்.

அக்கா சிரித்துவிட்டார். "ஐயோ பிரதர், அது நான்! ஸ்டெல்லா கடைசி. அவ வாயைத் திறந்தா தெருவே நிக்கும். அந்த வருஷம் அவளைத்தான் எடுத்தாங்க."

இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் இந்தக் குரலை ஒருநாள்கூடக் கேட்டதில்லை. இது யாரோ. என்னுடையவள் இதிலும் இல்லையே என்று ஏங்கிப் போனேன்.

"இருங்க, இன்னும் முடியல," என்று அக்கா மறுபடி பட்டனை அழுத்தினார். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே, "அப்பாடா! தொண்டை காஞ்சு போச்சுடி. கொஞ்சம் தண்ணி குடேன்," என்றாள் ஸ்டெல்லா.

அவளேதான்.

அக்கா பிரதி எடுத்துத் தந்த கேசட்டோடு சாயங்கால வண்டியில் ஊர் திரும்பினேன். பெங்களூரில் தெருவை நிறுத்திய குரலுக்கு எங்கள் வீட்டில் இடம் போதவில்லை போலும். ஞாயிறு காலை முழுச் சத்தத்தில் வைத்தேன். பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவுகிற ஓசை நின்றது. நன்றாகக் கேட்கட்டும். பாட்டு முடிந்தது. அவள் தண்ணீர் கேட்டாள். நான் எழுந்துபோய்ச் சொம்பில் மொண்டுகொண்டு கூடத்துக்கு வந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.