எஞ்சினுக்குக் கிட்டப் போகக்கூடாத இரண்டு பெண்கள்

நான்கைந்து வருடங்கள் இருக்கும். மாரி மழை ஓய்ந்து, வாவி கரை முட்டக் கிடந்த ஒரு தை மாதம். மட்டக்களப்பு வாவியோரத்தில் உள்ள ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் படகு எஞ்சின் திருத்தும் பாடநெறியில் நான் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு நிறையப் பையன்கள். பெண்கள் என்று பார்த்தால் நானும், ஏறாவூரிலிருந்து வரும் என் தோழியும் மட்டும்தான்.

என் ஊர் செட்டிபாளையம். அப்பா கடல் தொழில் செய்பவர். எங்கள் படகின் எஞ்சின் அடிக்கடி நின்றுவிடும். திருத்துகிறவர் வரும்வரை தொழில் இல்லை. ஒருநாள் விளையாட்டாக, "நானே படிச்சிட்டு வந்து திருத்தித் தாறன் அப்பா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே என்னைக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். தோழியின் கதை வேறு. அவளுடைய வாப்பா மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். எஞ்சின் பாகங்களின் பெயர்களைக் கேட்டே வளர்ந்தவள் அவள். அவையெல்லாம் ஒன்றுசேர்ந்து ஓடுவதைப் பார்க்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை.

எங்கள் கல்லூரியில் ஒழுக்க விதிகள் கடுமை. அதற்குப் பொறுப்பான விரிவுரையாளர் ஒரு பெண்மணி. காலையில் கல்லூரி வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். அதனால் அவருக்குப் பின்னால் எல்லோரும் 'கேற் மிஸ்' என்றுதான் சொல்வோம். வாசலில் ஒரு பெரிய பலகையில் விதிகள் எழுதியிருக்கும். பெண்கள் சேலை, அல்லது சால்வையுடன் கூடிய சல்வார் அணியவேண்டும், காற்சட்டைக்கு அனுமதி இல்லை என்பது அதில் ஒன்று. தோழி தலையில் ஸ்காப்பை இறுக்கமாகச் சுற்றியிருப்பாள். அதற்கு மேலேயும், விதிக்காக ஒரு சால்வை.

வகுப்பறையில் சால்வையால் ஒரு தொந்தரவும் இல்லை. பட்டறையில்தான் பிரச்சினை. படகு எஞ்சினை ஒரு தாங்கியில் பொருத்தி, அதன் கால்பகுதியைத் தண்ணீர் பீப்பாய்க்குள் இறக்கி வைத்து ஓடவிட்டுப் பழகுவோம். மேல்மூடியைக் கழற்றினால், உச்சியில் ஒரு கனமான சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது அது சுற்றுவதே கண்ணுக்குத் தெரியாது. சும்மா நிற்பது போலத்தான் இருக்கும்.

அன்று ஓர் எஞ்சின் விக்கி விக்கி ஓடியது. என்ன குறை என்று காது கொடுத்துக் கேட்கத் தோழி குனிந்தாள். தோளில் கிடந்த சால்வையின் நுனி நழுவியது. அவ்வளவுதான். சக்கரம் துணியைச் சுருட்டி இழுக்க, அவள் கழுத்தோடு முன்னே போனாள். அவளால் கத்தவும் முடியவில்லை. என் கை எப்படி எஞ்சினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எஞ்சின் நின்றபோது, அவள் முகத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. பட்டறைப் போதனாசிரியர் ஓடிவந்து கத்தரிக்கோலால் சால்வையை வெட்டி அவளை எடுத்தார். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம். தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியவள், முதலில் கேட்டது இதைத்தான்: "எஞ்சினுக்கு ஒண்டும் ஆகல்லத்தானே?"

நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

செய்தி கேற் மிஸ்ஸுக்குப் போனது. மறுநாள் பட்டறை வாசலில் வந்து நின்று சொன்னார்: "இனி பெண் பிள்ளைகள் ஓடுற எஞ்சினுக்குக் கிட்டப் போகக்கூடாது. தூர நிண்டு பாக்கட்டும்."

எங்கள் நன்மைக்காகச் சொன்னதுதான். ஆனால் ஓடும் எஞ்சினில் கை வைக்காமல் செய்முறைப் பரீட்சை எழுதமுடியாது. அதில் சித்தியடையாமல் சான்றிதழும் கிடையாது. பையன்கள் எஞ்சினைச் சுற்றி நிற்க, நாங்கள் இரண்டு பேரும் சுவரோரம் நின்று அவர்களுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படியே ஒரு வாரம் போனது. "பேசாமத் தையல் வகுப்புக்குப் போங்களன்" என்று ஒருத்தன் நக்கலடித்தான்.

தோழிக்கு அதைக் கேட்டுத்தான் யோசனை வந்திருக்கவேண்டும். அவளுக்கு நன்றாகத் தைக்கத் தெரியும். காத்தான்குடியில் கடும் நீலத்தில் கெட்டித் துணி வாங்கி, சட்டையும் காற்சட்டையும் ஒன்றாகச் சேர்ந்த இரண்டு ஓவரோல் தைத்துக்கொண்டு வந்தாள். உடம்பைப் பிடிக்காத, ஆனால் எங்கேயும் தொங்காத உடுப்பு. கைநுனி மணிக்கட்டோடு இறுகி நிற்கும். அவளுடைய ஸ்காப் கழுத்துப்பட்டிக்குள் முழுவதாக அடங்கிவிடும். போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பே இலேசான மாதிரி இருந்தது.

அடுத்த நாள் அதோடு போனோம். கேற் மிஸ் கையை நீட்டி மறித்தார்.

"இதென்ன கோலம்?"

"வேர்க்ஷொப் உடுப்பு மிஸ்."

"பெண் பிள்ளைகளுக்குக் காற்சட்டை இல்லையெண்டு வாசல் போட்டில எழுதிக் கிடக்கு. வாசிக்கத் தெரியாதா?"

"தெரியும் மிஸ்" என்றாள் தோழி. "ஆனா இது இல்லாட்டி எங்களுக்கு எஞ்சின்ல கை வைக்க ஏலாது."

பின்னால் நின்ற பையன்களில் ஒருவன் விசிலடித்தான். மிஸ் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் அடங்கினான். ஆனால் எங்களை அவர் உள்ளே விடவில்லை. "வீட்ட போங்க. நாளைக்குத் தாய் தகப்பனோட அதிபர்ட அறைக்கு வாங்க. ஒழுக்காற்று விசாரணை."

வீட்டில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "உனக்கு என்னத்துக்கு மகள் இந்த வேல? மன்னிப்பக் கேட்டுட்டுப் படிப்ப முடிச்சிட்டு வா" என்றார். தோழி போனில் அழுதாள். "வாப்பா நாளைக்கு வந்து பேர வெட்டிட்டுப் போறதாத்தான் சொல்றாருகா" என்றாள். அன்று முழுக்க நான் மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளைத்தான் மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கல்லூரி அதிபரின் அறையில் கூடினோம். அப்பா கடலுக்குப் போயிருந்ததால் அம்மாதான் வந்திருந்தார். தோழியின் வாப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு யாருடைய முகத்தையும் பார்க்காமல் இருந்தார். ஓவரோல்களை ஒரு பையில் வைத்திருந்தோம். உடுத்திருந்தது விதிப்படி சல்வாரும் சால்வையும்தான்.

கேற் மிஸ் பேசத் தொடங்கினார். திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை.

"நான் இஞ்ச வரக்குள்ள இந்தப் பாடத்தில ஒரு பொம்புளப் புள்ள இல்ல. வீடு வீடா ஏறி இறங்கிக் கேட்டன். 'அத்தின ஆம்புளப் புள்ளயளுக்க என்னத்த உடுத்திட்டு நிக்கும்?' எண்டுதான் எல்லாத் தாய் தகப்பனும் முதல்ல கேட்டாங்க. அவங்களுக்கு வாக்குக் குடுத்துத்தான் இந்த விதியப் போட்டன். அத நம்பித்தான் இந்த ரெண்டு பேரையும் அனுப்பினாங்க. இண்டைக்கு நான் விட்டா, நாளைக்கு ஒருத்தரும் புள்ளய அனுப்பமாட்டாங்க."

எனக்கு அது புதிய செய்தி. எங்களைத் தடுக்கும் விதி என்று நான் நினைத்திருந்தது, எங்களை உள்ளே கொண்டுவருவதற்காகப் போட்ட விதி. மனதுக்குள் அடுக்கிவைத்திருந்த மன்னிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

"மிஸ், ஒருக்கா வேர்க்ஷொப்புக்கு வாங்க. ஒண்டு காட்டவேணும். பாத்த பிறகு நீங்க என்ன சொன்னாலும் கேக்கிறம்."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். மிஸ் அதிபரைப் பார்த்தார். அதிபர் கதிரையைப் பின்னே தள்ளி எழுந்தார். "வாங்க, பாப்பம்."

பட்டறையில் போதனாசிரியர் எங்களுக்காக ஓர் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றித் தந்தார். நான் மூலையில் கிடந்த, நிலம் கூட்டும் தும்புத்தடியை எடுத்தேன். என் தோளிலிருந்த சால்வையைக் கழற்றி, நாங்கள் போடுவது போலவே அதன் தலைப்பகுதியில் சுற்றி முடிந்தேன்.

"இதுதான் நான் எண்டு நினைங்க மிஸ்."

எல்லோரையும் சுவரோரம் நிற்கச் சொல்லிவிட்டு, தோழி தன் சால்வையையும் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்து எஞ்சினை ஓடவிட்டாள். நான் கையெட்டும் தூரத்தில் நின்று, காது கொடுத்துக் கேட்கக் குனிவது போல அந்தத் தடியை மெல்லச் சரித்தேன். சால்வையின் நுனி காற்றில் கொஞ்சம் ஆடியது. அடுத்து நடந்ததை ஒருவரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. தடி என் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. படாரென்று ஒரு சத்தம். தடி முறிந்து, ஒரு பாதி சுவரில் போய் அடித்து விழுந்தது. தோழி பொத்தானை அழுத்தினாள். எஞ்சின் நின்ற பிறகு பீப்பாய்த் தண்ணீர் தளம்பும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அம்மா ஓடிவந்து என் முகத்தையும் கழுத்தையும் தடவித் தடவிப் பார்த்தார். தோழியின் வாப்பா மகளின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் அவள், கழுத்தில் கயிறு உரசிவிட்டது என்று மட்டும்தான் சொல்லியிருந்தாளாம்.

"அண்டைக்கு உன்ட கழுத்தில கிடந்தது இதா மகள்?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். "அல்லாஹ்! வா, வீட்ட போவம்."

காட்டப்போய்க் கெடுத்துவிட்டேனோ என்று பயந்துவிட்டேன்.

"இன்னும் முடியல்ல வாப்பா" என்றாள் அவள். பையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய், ஓவரோலோடு திரும்பி வந்தாள். அன்று அவளை இழுத்த அதே எஞ்சின் பக்கத்துத் தாங்கியில் இருந்தது. இன்னும் அது விக்கிக்கொண்டுதான் ஓடியது. அவள் அதை ஓடவிட்டு, அன்று குனிந்தது போலவே குனிந்தாள். அவளிடமிருந்து ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டாள். திருப்புளியை எடுத்து, எரிபொருள் போகும் இடத்தில் ஒரு சின்னத் திருகாணியை மெல்லத் திருகினாள். எஞ்சின் ஒரு தடவை இருமியது. பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது.

யன்னலுக்கு வெளியே ஒரே ஆரவாரம். எங்கள் வகுப்புப் பையன்கள் எல்லோரும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கைதட்டினார்கள். தையல் வகுப்புக்குப் போகச் சொன்னவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான்.

வாப்பா எஞ்சினை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றார். எவ்வளவு காலமாகப் பாகங்களை விற்றவர், அந்தச் சத்தம் அவருக்கு விளங்காமலா இருக்கும்? கேற் மிஸ்ஸின் பக்கம் திரும்பினார். "நான் இண்டைக்குப் பேர வெட்டத்தான் வந்தன் மிஸ். இப்ப சொல்றன், என்ட மகள் இந்த உடுப்போட வரட்டும். ஊர் என்னவும் கேட்டா என்ட கடைக்கு அனுப்புங்க. நான் பதில் சொல்றன்."

"என்ட மகளும்தான் மிஸ்" என்றார் அம்மா. அம்மா அன்று எல்லோர் முன்னாலும் பேசிய ஒரே வார்த்தை அதுதான். எனக்கு அது போதும்.

மிஸ் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய சேலை முந்தானை எப்போதோ இடுப்பில் இறுக்கிச் செருகப்பட்டிருந்தது. தன்னை அறியாமலே செருகியிருக்கவேண்டும். நடந்து போய்த் தரையில் கிடந்த முறிந்த தடியை எடுத்துப் பார்த்தார். பிறகு தோழியின் கைநுனியை, கழுத்துப்பட்டியை, பொத்தான்களை மூடிய மடிப்பை எல்லாம் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கும் ஒண்டு தைச்சுத் தருவியா புள்ள?" என்றார்.

அதிபர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் யார் சிரித்தோம், யார் அழுதோம் என்று தெரியவில்லை. தோழி மிஸ்ஸைக் கட்டிப்பிடித்துவிட்டாள். ஒழுக்க விதிகளின்படி அதற்கும் அனுமதி இருந்திருக்காது.

சில நாட்களில் வாசற்பலகையில் புதிய விதி வந்தது. பட்டறைக்குள் போகும் எல்லோரும், ஆணும் பெண்ணும், விரிவுரையாளர்களும் ஓவரோல் அணியவேண்டும். உடம்பில் தொங்கும் எதுவும் கூடாது. சப்பாத்து கட்டாயம். முதல்நாளே கழுத்துச் சங்கிலியோடும் ரப்பர் செருப்போடும் வந்த பையன்கள் பாதிப் பேர் வாசலில் மறிக்கப்பட்டார்கள். அதே மிஸ், அதே குரல்: "போட்டில கிடக்கு, வாசிக்கத் தெரியாதா?" நாங்கள் இரண்டு பேரும் அவர்களைத் தாண்டி உள்ளே போன அந்த நடையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

நாங்கள் இருவரும் செய்முறைப் பரீட்சையில் நல்லபடியாகச் சித்தியடைந்தோம். அதோடு முடியவில்லை. அடுத்த தடவை மாணவர் சேர்க்கும் காலம் வந்தபோது, மிஸ் எங்களை ஓவரோலோடு ஊர் ஊராகக் கூட்டிப்போனார். பெற்றோர் கேட்ட கேள்விகளுக்கு எங்களையே பதில் சொல்லவிட்டார். அந்த முறை படகு எஞ்சின் வகுப்பில் ஒரு நீள வாங்கு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் தோழிதான் அளவெடுத்தாள்.

இப்போது அவள் வாப்பாவின் கடையோடு சேர்த்து ஒரு திருத்தகம் வைத்திருக்கிறாள். நான் வாழைச்சேனைத் துறைமுகத்தில் வேலை செய்கிறேன். அப்பாவின் எஞ்சின் இடையில் நின்றால் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும்.

இன்றும் எங்கேயாவது யாராவது, "அது சட்டம், மாத்த ஏலாது" என்று சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தச் சட்டத்தை யாரைக் காப்பாற்றுவதற்காகப் போட்டார்கள் என்று கேட்கிறேன், கேட்டுவிட்டு, சொன்னவரைக் கையோடு கூட்டிப்போய், அந்தச் சட்டம் ஆளைப் பிடித்து இழுக்கும் இடத்தைக் காட்டவும் பார்க்கிறேன்.